உன் கழுத்துக்கு நான் வைத்த கெடு

பாப்பா,

நீ ஆபீஸிலிருந்து வந்து, முகம் கழுவி, சாப்பிட்டு முடித்த பிறகு இதைப் படி. பசியோடு படித்தால் என் மேல் வருகிற கோபம் இரண்டு பங்காகிவிடும். எனக்கு ஒரு பங்கே தாங்காது. ஒரே வீட்டில் இருந்துகொண்டு எதற்குக் கடிதம் என்று கேட்பாய். நேரில் சொன்னால் பாதியிலேயே "சரி வுடு நைனா" என்று எழுந்து போய்விடுவாய். இந்த முறை நீ விடக் கூடாது. அதனால்தான் பட்டறையில் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில், டெலிவரி சலான் தாள்களின் பின்பக்கத்தில் எழுதிக்கொண்டிருக்கிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பெஞ்சு ஆடுகிறது என்று வைத்துக்கொள்.

விஷயத்தை முதலிலேயே போட்டு உடைத்துவிடுகிறேன். ராபின் வீட்டார் உன்னைப் பார்க்க வந்த அன்று, உன் கழுத்துத் தழும்பு கல்யாணத்துக்குள் இருந்த இடம் தெரியாமல் போய்விடும் என்று அவன் அம்மாவுக்கு நான் வாக்குக் கொடுத்தேன். உன்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. நேற்று சாயங்காலம் எர்ணாவூருக்குப் போய் அந்த வாக்கை வாபஸ் வாங்கிவிட்டு வந்தேன். அதனால் வருகிற ஞாயிற்றுக்கிழமை கோயிலில் ஃபாதர் உங்கள் இருவர் பெயரையும் மூன்றாவது தடவையாக வாசித்து, இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிந்தவர்கள் சொல்லுங்கள் என்று கேட்க வேண்டிய ஓலை, வாசிக்கப்படுமா நிற்குமா என்பது இப்போது தொங்கலில் இருக்கிறது. இந்த இடத்துக்கு எப்படி வந்தோம் என்று ஒழுங்காகச் சொல்கிறேன். பாதி உனக்குத் தெரியும். தெரியாத பாதியில்தான் என் யோக்கியதை இருக்கிறது.

பொங்கல் முடிந்த கையோடு உனக்குத் தைராய்டு கட்டியை அறுத்து எடுத்தார்கள். முந்தின நாள் ஒரு படிவத்தில் கையெழுத்துப் போடச் சொன்னார்கள். குரல் பாதிக்கப்படலாம் என்று அதில் ஒரு வரி இருந்தது. நீ துறைமுகக் கிளியரிங் ஏஜென்ட் ஆபீஸில் காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் போனில் கண்டெய்னரைத் தேடுகிறவள். ஞாயிற்றுக்கிழமையானால் பூசையில் பாடுகிறவள். குரல் போனால் உன்னில் என்ன மிச்சமிருக்கும் என்று எனக்கு யோசிக்கவே முடியவில்லை. ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நானும் உன் அம்மாவும் வேண்டிக்கொண்டது ஒன்றே ஒன்றுதான்: பாப்பா பேசணும். மயக்கம் தெளிந்து நீ முதலில் சொன்னது, "ஃபேனக் கம்மி பண்ணு, குளுருது." கரகரவென்றுதான் இருந்தது, ஆனால் உன் குரல். உன் அம்மா அழுதாள். நான் அழவில்லை என்று இன்றைக்கும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். கழுத்தில் எவ்வளவு நீளத்துக்குக் கீறியிருக்கிறார்கள் என்று அன்றைக்கு நாங்கள் இருவரும் பார்க்கக்கூட இல்லை.

இரண்டு மாதத்தில் அதே நான் தினமும் உன் கழுத்தைத்தான் பார்த்தேன். உன் தோலுக்குத் தழும்பு தடித்துக்கொள்கிற குணம் உண்டு. சின்ன வயதில் காது குத்தின இடத்திலேயே உருண்டை கட்டிக்கொண்டது. கழுத்துக் கோடும் சிவந்து, புடைத்து, அரிக்க ஆரம்பித்தது. தையல் பிரித்து, புண் முழுதாக மூடிய பிறகு டாக்டர் அந்த சிலிகான் ஷீட்டை எழுதிக் கொடுத்தார். கண்ணாடி மாதிரி, ஒரு பக்கம் ஒட்டுகிற மெல்லிய பட்டை. தழும்பைவிடக் கொஞ்சம் பெரிதாக வெட்டி ஒட்ட வேண்டும். ஆரம்பத்தில் இரண்டு மூன்று மணி நேரம், தோல் பழகிய பிறகு நாளில் பாதிக்கு மேல். தினமும் எடுத்து லேசான சோப்பில் கழுவி, தானாகக் காயவிட்டு, திரும்ப ஒட்ட வேண்டும். ஒட்டும் தன்மை போய்விட்டால் புதிது. இப்படி மாதக்கணக்கில். நான் கேட்டேன், "எத்தினி மாசத்துல போவும் டாக்டர்?" அவர் சிரிக்காமல் பதில் சொன்னார். "போகாதுங்க. தடிப்பு குறையும், சிவப்பு குறையும், அரிப்பு குறையும். சிலருக்கு நல்லா குறையும், சிலருக்குக் கொஞ்சம்தான். கோடு இருக்கும். ஒரு வருஷம் பொறுமையா பாருங்க." குறையும் என்பது மட்டும் என் காதில் விழுந்தது. கோடு இருக்கும் என்றபோது நான் மருந்துச் சீட்டை மடித்துக்கொண்டிருந்தேன்.

நீ அந்தப் பட்டையை ஒட்டிக்கொண்டு வேலைக்குப் போக ஆரம்பித்ததும் ஊர் வாயைத் திறந்தது. ஷேர் ஆட்டோவில் பக்கத்தில் உட்கார்ந்த ஒரு பெண்மணி, முன்பின் தெரியாதவள், "இன்னாம்மா கழுத்துல, தூக்கு மாட்டிக்கினியா?" என்று கேட்டதை நீ வீட்டில் வந்து சொல்லிச் சிரித்தாய். உனக்குச் சிரிப்பு வந்தது. எனக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை. ராயபுரத்தில் பாதிப் பேருக்கு என்னைத் தெரியும், அவர்கள் என்ன நினைப்பார்கள் என்று என் புத்தி போயிற்று. உன் வலியைப் பற்றி ஒருத்தர் தப்பாகப் பேசினார் என்பது எனக்குப் பெரிதாகப் படவில்லை. என் பெயரைப் பற்றி ஒருத்தர் தப்பாக நினைப்பார் என்பதுதான் பெரிதாகப் பட்டது. இதை எழுத வெட்கமாக இருக்கிறது, இருந்தாலும் எழுதுகிறேன்.

அந்தப் புத்தியோடு இருந்தபோதுதான், ஈஸ்டர் முடிந்து ராபின் வீட்டார் வந்தார்கள். பையன் வள்ளூர் அனல் மின் நிலையத்தில் ஃபிட்டர், அமைதியானவன். அப்பா இல்லை, அம்மா ஒருத்திதான் வளர்த்து ஆளாக்கியவள். நீயும் அவனும் மாடிக்குப் போய்ப் பேசிக்கொண்டிருந்தீர்கள். உன் அம்மா அடுப்பங்கரையில் இருந்தாள். சம்பந்தி அம்மா நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "அண்ணே, பொண்ணு தங்கமா கீது. கழுத்துல கீறதுதான்... எங்காளுங்க கண்டதும் பேசுவாங்க. கல்யாணத்துக்குள்ள போயிடும்ல?" நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? டாக்டர் சொன்னதைச் சொல்லியிருக்க வேண்டும். நான் சொன்னது, "ஆவணிக்குள்ள நீ தேடினாலும் கெடைக்காது தங்கச்சி. நான் கேரண்டி." பட்டறையில் ஒரு பம்புக்குக் கசிவை அடைக்கிற கேஸ்கெட் வெட்டிக் கொடுத்துவிட்டு, கசிந்தால் நான் பொறுப்பு என்று சொல்வேனே, அதே வாயால், அதே மாதிரி சொன்னேன். அவள் முகம் மலர்ந்துவிட்டது. நீ கீழே வந்தபோது எல்லோரும் சிரித்துக்கொண்டிருந்தோம். உன் கழுத்துக்கு ஒரு தேதி வைத்தாகிவிட்டது என்று உனக்குத் தெரியாது.

அதற்குப் பிறகு நான் பட்ட அவசரத்தை நீ பாசம் என்று நினைத்தாய். கத்திரி வெயிலில் உன் பட்டை வியர்வையில் நழுவி நழுவி விழுந்தது. ஆபீஸில் எழுந்து போய்க் கழுவித் திரும்ப ஒட்டிக்கொண்டு வருவாய். எனக்கு நாள் ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் அந்தப் பட்டையை விரலில் வைத்து நசுக்கிப் பார்த்தேன். இருபத்தேழு வருஷமாக நான் வெட்டுவது என்ன? ரப்பர், கார்க், சிலிகான். குழாயும் குழாயும் சேருகிற இடத்தில் நடுவே வைத்து, போல்ட்டை முடுக்கினால் ஆவி கசியாமல் அமுக்கிப் பிடித்துக்கொள்கிற ஷீட். என் கண்ணுக்கு ஆஸ்பத்திரி ஷீட் ஏமாற்று வேலையாகத் தெரிந்தது. இவ்வளவு மெல்லிசாக இருந்தால் எப்படி அமுக்கும், எப்படித் தடிப்பு இறங்கும்? பட்டறையில் சுருள் சுருளாகச் சிவப்பு சிலிகான் கிடக்கிறது. எந்தச் சூட்டையும் தாங்கும். அதில் மூன்று மில்லி கனத்தில் ஒரு துண்டு எடுத்து, உன் கழுத்தின் வளைவுக்கு அட்டையில் அளவு எடுத்து வெட்டி, மூலைகளை உருட்டி, ஓரத்தை உப்புத்தாளில் தேய்த்து வழவழப்பாக்கினேன். நான் செய்ததிலேயே சுத்தமான வேலை அது. "அதே சரக்குதான் பாப்பா, இது இன்னும் ஸ்ட்ராங்கு," என்று சொல்லி, மேலே இழுத்துக் கட்டும் பேண்டேஜையும் போட்டுவிட்டேன். நீ நம்பினாய். சிலிகானைப் பற்றி இந்த வீட்டில் என்னைவிடத் தெரிந்தவர் யார்?

ஐந்தாம் நாள் பேண்டேஜைப் பிரித்தபோது தழும்பைச் சுற்றிலும் தோல் வெந்திருந்தது. சிவந்து, பொடிப்பொடியாகக் கொப்புளம் கிளம்பி, இரண்டு இடத்தில் உரிந்தும் இருந்தது. டாக்டர் அந்தச் சிவப்புத் துண்டைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இது எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார். நான் பட்டறை பெயரைச் சொன்னேன். அது என்ன தரம், என்ன கலவை, எவ்வளவு சூடு தாங்கும் என்றுகூடச் சொல்ல ஆரம்பித்தேன். அவர் கையைக் காட்டி நிறுத்தினார். "பெரியவரே, அது பாய்லர். இது பொண்ணு." அவ்வளவுதான் சொன்னார். உடம்புக்கென்று செய்கிற ஷீட் வேறு, அது அமுக்குவதற்காக இல்லை, தோலின் ஈரம் போகாமல் மூடி வைப்பதற்காக, அதனால்தான் மெல்லிசு என்று அப்புறம் உன்னிடம் விளக்கினார். தோல் ஆறுகிற வரை எதையும் ஒட்டக் கூடாது என்று மூன்று வாரம் தள்ளிவைத்தார். திரும்பி வரும்போது, எரிச்சலை நாலு நாளாக ஏன் சொல்லவில்லை என்று உன்னைக் கேட்டேன். "நீ ஆசையா வெட்டிக் குடுத்த நைனா," என்றாய். என் வாழ்க்கையில் யாரும் என்னை அவ்வளவு கடுமையாகத் திட்டினதில்லை.

ஆசை இல்லை பாப்பா. கெடு. நான் வைத்த தேதிக்கு உன் கழுத்து தயாராக வேண்டும் என்ற பதைப்பு. அதை அன்றைக்கே சொல்லியிருக்கலாம். பெற்றவர்கள் அவசரப்படும்போது யாருக்காக அவசரப்படுகிறார்கள் என்று கேட்டுப் பார்க்கிற பழக்கத்தை நீயாவது வைத்துக்கொள். நாளைக்கு உனக்கொரு குழந்தை பிறந்து, அதன் நிறத்தையோ பல்லையோ நடையையோ சரிசெய்ய நீ துடித்தால், அப்போதும் கேட்டுப் பார்.

போன ஞாயிறு பூசை முடிந்து வண்ணாரப்பேட்டைக்குப் புடவை எடுக்கப் போனோமே, அங்கே நடந்தது உனக்குத் தெரியும். ஆனால் நான் அங்கே நின்ற நிலை உனக்குத் தெரியாது. இரண்டு ஓலை வாசித்தாகிவிட்டது, சம்பந்தி அம்மா உன் கழுத்தைப் பார்த்தாள். கோடு அங்கேயே இருந்தது, மேலே பட்டையோடு. அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள் பார், நான் விலைச் சீட்டைப் படிக்கிற மாதிரி திரும்பிக்கொண்டேன். அப்புறம் கைப்பையிலிருந்து ஒரு அட்டிகையை எடுத்து, கடைக்காரர் முன்னாலேயே, அந்தப் பட்டையின் மேல் வைத்து அளவு பார்த்தாள். "இத்தப் போட்டா ஒண்ணும் தெரியாது. காலர் வெச்சி பிளவுஸ் தெச்சிக்கலாம். அந்த பிளாஸ்டிக்க மட்டும் பத்து நாளைக்கு எடுத்துடு கண்ணு." நீ நிதானமாகச் சொன்னாய், கழுத்தில் எதுவும் உரசக் கூடாது என்று டாக்டர் சொல்லியிருக்கிறார் என்று. அதற்கு அவள், "உங்கப்பா வேற மாதிரி சொன்னாரே," என்றாள். நீ என்னைப் பார்த்தாய். நான் கடைக்காரரிடம், அரக்கு நிறத்தில் இன்னொன்று எடுத்துப் போடப்பா என்றேன். பொண்ணு பக்கத்தில் நிற்கிறது, அதன் கழுத்தை அளவெடுத்துக்கொண்டிருக்கிறார்கள், பெற்றவன் அரக்கு நிறம் கேட்கிறான்.

வீட்டுக்கு வந்ததும் உன் அம்மா என்னைப் பிடித்துக்கொண்டாள். நீ குளிக்கப் போயிருந்தாய். "இன்னா சொன்ன நீ அவுங்களாண்ட?" என்று கேட்டாள். சொன்னேன். அவள் கத்தவில்லை. உனக்கே தெரியும், உன் அம்மா கத்தாவிட்டால்தான் ஆபத்து. "இவளப் பெத்தப்ப என் வயித்தக் கீறுனாங்களே, அத்த என்னிக்காவது உங்கம்மா போச்சான்னு கேட்டாங்களா? புடவைக்குள்ள கீறதால தழும்பு இல்லியா? அந்தப் பையன் தாவாக்கட்டையில ஒண்ணு கீதே, பைக்குல வுழுந்தது, அதுக்கு இன்னா ஷீட்டு ஒட்டுனாங்க?" என் பள்ளிக்கூடச் சர்டிபிகேட்டை எடுத்துப் பார்த்தால் அங்க அடையாளம் என்று போட்டிருக்கிறது: வலது முழங்காலில் தழும்பு. முன்கையில் ஆவி அடித்து வெந்த இடத்தைப் பட்டறைக்குப் புதிதாக வருகிறவர்களுக்கு நானே சட்டையைச் சுருட்டிக் காட்டுவேன். எனக்கு அது அடையாளம், அனுபவம், கெத்து. உனக்கு மட்டும் ஆவணிக்குள் மறைய வேண்டிய குற்றமா?

அப்போது எனக்கு வந்த ரோஷத்தில் இன்னொரு தப்பு செய்தேன். நீ குளித்துவிட்டு வருவதற்குள், காயப்போட்டிருந்த உன் ஷீட்டை எடுத்துக் குப்பைக் கூடையில் போட்டேன். நீ வந்ததும், "இனிமே இதெல்லாம் வாணாம். தெறந்து வுடு. எவன் இன்னா கேக்கறான்னு நான் பாக்கறேன்," என்று வீரம் பேசினேன். நீ கூடையிலிருந்து அதை எடுத்தாய். சோப்புப் போட்டுக் கழுவினாய். காயவைத்தாய். பிறகு என் பக்கம் திரும்பிச் சொன்னதை நான் ஒரு எழுத்து விடாமல் ஞாபகம் வைத்திருக்கிறேன். "எனக்கு அரிக்குது நைனா. கழுத்தத் திருப்பினா இழுக்குது. இத்தப் போட்டா கொஞ்சம் அடங்குது, அதுக்குத்தான் போடறேன். அவுங்களுக்காக மறைக்கவும் இல்ல, உனக்காகக் காட்டவும் இல்ல." சொல்லிவிட்டுத் தலை வாரப் போய்விட்டாய். சம்பந்தி அம்மா உன் கழுத்தை மறைக்கப் பார்த்தாள், நான் அதைக் கொடியாக ஏற்றப் பார்த்தேன். இரண்டு பேரும் உன்னைக் கேட்கவில்லை. அது உனக்கு அரிக்கிறது என்பது எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை.

நாலு நாள் அதையே மென்றுகொண்டிருந்தேன். நேற்று மத்தியானம் சம்பந்தி அம்மா போன் செய்தாள். கழுத்து சரியாகிற வரைக்கும் மூன்றாவது ஓலையை நிறுத்திவைக்கலாம், வேண்டுமானால் கிறிஸ்துமஸ் கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்றாள். நேரில் வருகிறேன் என்று சொல்லிவிட்டு, பட்டறையில் அரை நாள் லீவு போட்டு, அழுக்குச் சட்டையோடு எர்ணாவூருக்குப் போனேன். அவர்கள் வீடு மூன்றாவது மாடி. சம்பந்தி அம்மா, அவள் தம்பி, ராபின் மூன்று பேரும் இருந்தார்கள். காப்பி கொடுத்தாள். குடித்தேன். குடித்துவிட்டுச் சொன்னேன். "தங்கச்சி, நான் உனக்கு ஒரு கேரண்டி குடுத்தேன். அது பொய்யி. டாக்டர் அப்பவே சொல்லிட்டாரு கோடு போவாதுன்னு. நான்தான் உன்னாண்ட மாத்திச் சொன்னேன். தப்பு என்னுது, எம்பொண்ணுக்கு இது தெரியவே தெரியாது. அந்த வாக்க இப்ப வாபஸ் வாங்கிக்கிறேன். அந்தக் கழுத்து இனி எந்தத் தேதிக்கும் தயாராவாது."

அவளுக்குக் கோபம் வந்தது. வரத்தான் செய்யும், ஏமாற்றப்பட்டவள் அவள். "அப்ப வர்ற சொந்தக்காரங்க கேட்டா நான் இன்னா சொல்றது? எம்மூஞ்சில காறித் துப்புவாங்க," என்றாள். "கட்டி இருந்துச்சு, அறுத்து எடுத்தாங்க, பொண்ணு பொழச்சி வந்து பாடுதுன்னு சொல்லு. அதுக்கு மேல கேட்டா எங்கிட்ட அனுப்பு," என்றேன். அவள் தம்பி நடுவில் வந்து, ஒரு நாள் கூத்துதானே, ஒரு அட்டிகை போட்டுக்கொண்டால் என்ன குறைந்துவிடும் என்றார். நான் சொன்னேன், "அவளுக்குப் போட்டுக்கணும்னு தோணுச்சுன்னா நாலு அட்டிகை போட்டுக்கட்டும். போட்டாத்தான் கல்யாணம்னு யாரும் சொல்லக் கூடாது." குரல் கொஞ்சம் ஏறிவிட்டது. பக்கத்து வீட்டுக் கதவு திறந்த சத்தம் கேட்டது. கேட்கட்டும் என்று விட்டேன். இத்தனை நாள் நாலு பேர் கேட்டுவிடுவார்களோ என்று தாழ்ந்து பேசிப் பேசித்தான் இந்தக் கதி.

ராபினைப் பற்றி நீ கேட்பாய். கூட்டாமல் குறைக்காமல் சொல்கிறேன். மேலே இருந்த அரை மணி நேரமும் அவன் வாயைத் திறக்கவில்லை. செல்போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான். நான் படி இறங்கி ஸ்கூட்டரை எடுக்கும்போது பின்னாலேயே ஓடி வந்தான். "மாமா, எனக்குக் கழுத்தப் பத்தி ஒண்ணும் இல்ல. சத்தியமா. அம்மாவ நான் பாத்துக்கறேன்," என்றான். கண் கலங்கித்தான் இருந்தது. பொய் சொல்கிறவன் முகம் இல்லை அது. நான் கேட்டேன், "இத்த ஏன்டா மாடியில சொல்லல?" கீழே சொன்னதை அவன் மேலே சொல்லியிருக்க வேண்டும். அது என் அபிப்பிராயம். ஆனால் புடவைக் கடையில் அரக்கு நிறம் கேட்டவன் நான், அதையும் சேர்த்து எடை போட்டுக்கொள். பயந்தவனுக்குத் தைரியம் வருவதற்கு என்னைப் போல ஐந்து மாதமும் ஆகலாம், வராமலே போகவும் போகலாம். அவன் எந்த ரகம் என்று எனக்குத் தெரியாது. நீதான் அவனோடு பேசிப் பழகினவள். நான் அவனிடம் சொன்னது ஒன்றுதான்: என்னிடம் சொல்லாதே, அவளிடம் சொல். சொன்னானா இல்லையா என்று நான் உன்னைக் கேட்கப் போவதில்லை.

இன்றைக்குக் காலையில் கோயிலிலிருந்து ஃபாதர் எனக்குப் போன் செய்தார். பையன் வீட்டிலிருந்து ஓலையை நிறுத்தச் சொல்லிச் செய்தி வந்திருக்கிறது, நீங்கள் என்ன சொல்கிறீர்கள், வாசிக்கட்டுமா வேண்டாமா என்று கேட்டார். என் நாக்கு நுனிக்குப் பதில் வந்துவிட்டது. முதலில், வாசியுங்கள் ஃபாதர், யார் தடுக்கிறார்கள் பார்ப்போம் என்று வந்தது. அடுத்த நிமிஷம், நிறுத்துங்கள் ஃபாதர், அப்படிப்பட்ட வீடு என் பொண்ணுக்கு வேண்டாம் என்று வந்தது. இரண்டும் நல்ல ரோஷமான பதில்கள்தான். இரண்டையும் விழுங்கினேன். ஆஸ்பத்திரியில் உனக்குப் பதிலாக நான் கேட்டேன், பார்க்க வந்தவர்களிடம் உனக்குப் பதிலாக நான் சொன்னேன், உன் தோலுக்கு எது ஒத்துக்கொள்ளும் என்றுகூட உனக்குப் பதிலாக நானே முடிவு பண்ணினேன். "எம்பொண்ணக் கேளுங்க ஃபாதர். அவ சொல்றதுதான்," என்றேன். பையன் வீட்டிலும் அம்மாதான் பேசினார்கள், பையன் வாயால் இன்னும் எதுவும் கேட்கவில்லை, ஆகவே நீயும் ராபினும் நாளை சாயங்காலப் பூசைக்கு முன்னால் உங்கள் வாயாலேயே சொல்ல வேண்டும், அதன்படி செய்கிறேன் என்றார் ஃபாதர்.

அதனால் முடிவு உன் கையில்தான் இருக்கிறது பாப்பா. வாசிக்கச் சொன்னால் கல்யாண வேலையை நாளைக்கே திரும்பத் தொடங்குவேன், சம்பந்தி வீட்டுக்கு எதிரே நின்று சிரித்தும் பேசுவேன். நிறுத்தச் சொன்னால் மண்டபத்துக்கும் சமையல்காரருக்கும் நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன், காரணம் கேட்கிறவர்களுக்கு உண்மையான காரணத்தையே சொல்வேன். இன்னும் கொஞ்ச நாள் யோசிக்கணும் என்றால், யோசி. உன் அம்மாவும் நானும் இரண்டு தரப்பிலும் வக்கீல் வேலை பார்க்க மாட்டோம். அவளிடம் சத்தியம் வாங்கியிருக்கிறேன். என்னிடம் அவள் இரண்டு தடவை வாங்கினாள்.

ஒன்று மட்டும் நான் முடிவு பண்ணிவிட்டேன், இதில் உன்னைக் கேட்கப் போவதில்லை. முதல் இரண்டு ஓலை வாசித்தபோதும் நாம் கோயிலில் தூணுக்குப் பின்னால் கடைசி வரிசையில் உட்கார்ந்தோம். காற்று வருகிறது என்று சொல்லி உன்னையும் உன் அம்மாவையும் அங்கே உட்கார வைத்தது நான்தான். காற்றுக்காக இல்லை, உன் கழுத்தை யாரும் திரும்பிப் பார்க்கக் கூடாது என்பதற்காக. வருகிற ஞாயிறு உங்கள் பெயர் வாசிக்கப்பட்டாலும் சரி, வாசிக்கப்படாவிட்டாலும் சரி, நான் முன்வரிசையில் போய் உட்காருவேன். நீ பாடகர் குழுவில் நின்றுகொள், என் பக்கத்தில் உட்கார்ந்துகொள், பட்டையோடு வா, பட்டையில்லாமல் வா, வீட்டிலேயே இருந்துகொள். யாராவது என் தோளைத் தொட்டு உன் பொண்ணு கழுத்துக்கு என்ன ஆச்சு என்று கேட்டால், குரலைத் தாழ்த்தாமல் சொல்வேன்.

உன் நைனா